கல்வெட்டும் செக்ரோலும்: சோழர் கோயில்கள் மூன்றிலே ஒரு நாள்

பிறநாடு சென்று புகழ்பெற்ற கோயில்களைக் கண்டு திரும்புவோர், அவற்றின் உயரத்தையும் அழகையும் வியந்து எழுதுவது நம்மிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கமாகும். அவ்வியப்பு இயல்பானதே. எனினும் வரலாற்றைப் பாடமாகப் பயிலும் மாணவர் ஒருவர் வியப்போடு நின்றுவிடுதல் போதாது. எதிரே நிற்கும் கட்டடத்தை எழுப்பியவர் யாவர், எவருடைய விளைச்சலைக் கொண்டு அது எழுந்தது, எவருடைய பெயர் அதிலே எழுதப்பட்டது, எவருடைய பெயர் விடுபட்டது என்னும் வினாக்களை அவர் எழுப்புதல் வேண்டும். சென்ற விடுமுறையிலே தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்று ஊர்களிலுமுள்ள சோழர்காலக் கோயில்களை ஒரே பகலிற் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அன்று எழுந்த வினாக்களையும், அவற்றுக்குக் கல்வெட்டுகள் தரும் விடைகளையும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் எனக்குப் பாடநூலில் மட்டும் தோன்றியவையல்ல. நான் பிறந்து வளர்ந்தது பதுளைக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்வெளியில். நமுனுகுல மலைத்தொடரின் சரிவிலே அமைந்த தேயிலைத் தோட்டம் அது. என் அம்மாயி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கொழுந்து பறித்தவர். அவருடைய முன்னோர் தமிழகத்திலிருந்து கண்டிச்சீமைக்கு வந்தவர்கள் என்பதும், அவர்களது ஊர் "துறையூருக்குப் பக்கம்" என்பதும் மட்டுமே குடும்பத்திலே எஞ்சிய செய்திகள். ஊரின் பெயர் எவருக்கும் நினைவில்லை. நான் புறப்பட்ட அன்று அம்மாயி, "பெரிய கோயிலப் பாத்துட்டு வா. அப்படியே தொறையூர்ப் பக்கம் நம்ம ஊரு எதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களான்னு கேட்டுப் பாரு" என்றார். 

தோட்டத்து வழக்கிலே "பேர்" என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. ஒருநாள் வேலை செய்து அந்நாட் சம்பளத்துக்கு உரித்துடையவராதலைப் "பேர் விழுதல்" என்பர். குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து கொணர்ந்தவருக்கு "அரைப்பேர்" போடப்படும். அம்மாயியின் பெயர் நாற்பது ஆண்டுகளாகச் செக்ரோலிலே எழுதப்பட்டது. அப்புத்தகங்களுக்கு வெளியே அவர் பெயர் எழுதப்பட்ட இடங்கள் மிகச் சிலவே. தஞ்சைக் கோயிலின் சுவர்களைப் படிக்கச் சென்றபோது இச்செய்தி என் மனத்தில் இருந்தது.

கடலுக்கு அப்பால்

கொழும்பிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வானூர்தியிலே செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே எம்மவர் வந்த வழி வேறு. ஊரிலிருந்து கடற்கரைவரை நடை, பின்னர் பாய்மரத் தோணி, மன்னார்க் கரையில் இறங்கியபின் காட்டுவழியே மாத்தளை வரை மீண்டும் நடை. பசியும் கொள்ளைநோயும் அவ்வழியிலே பலரைக் கொண்டுசென்றன. பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தோர் மாத்தளையிலிருந்து மேலும் மலையேற வேண்டியிருந்தது. 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றதும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. புகையிரதம் பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலாகும். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமத்தானத்திலிருந்தும் பெருந்தொகையினர் இவ்வாறு வந்தனர். ஆதலின் நாங்கள் "வெளிநாடு" எனக் கடவுச்சீட்டுடன் சென்று கண்ட நிலம், எம் முன்னோர் புறப்பட்ட நிலமுமாகும்.

தஞ்சைப் பெரியகோயில்

திருச்சிராப்பள்ளியில் இரவு தங்கி, விடியுமுன் வாடகை வானிற் புறப்பட்ட நாங்கள் ஐவரும் காலை ஏழு மணியளவிலே தஞ்சையை அடைந்தோம். முதலிலே எதிர்ப்படுவது கேரளாந்தகன் திருவாசல். கேரளரை அழித்தவன் என்பது அப்பெயரின் பொருள். போர் வெற்றியின் பெயர் தாங்கிய வாயிலினூடாகவே கோயிலுக்குட் செல்கிறோம் என்பது கருதற்பாலது. அதனையடுத்து இராசராசன் திருவாசல். அதற்கப்பால் விரிந்த முற்றமும், 216 அடி உயர விமானமும்.

கி.பி. 985 முதல் 1014 வரை ஆட்சிபுரிந்த முதலாம் இராசராசன் இக்கோயிலைக் கட்டுவித்தான். தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளிலே விமானத்தின் உச்சியில் வைப்பதற்கான செப்புக்குடத்தை அவன் வழங்கினான் எனக் கல்வெட்டுக் கூறும். அது 1010ஆம் ஆண்டாகும். இன்று எவரும் அறிந்த இச்செய்தி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மறக்கப்பட்டிருந்தது. தலபுராணம் கரிகாலனை இக்கோயிலோடு தொடர்புபடுத்தியது. 1886ஆம் ஆண்டிலே சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக நியமனம் பெற்ற ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சுவரெழுத்துகளைப் படியெடுத்து ஆராய்ந்த பின்னரே இராசராசன் பெயர் ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றது. பேரரசன் ஒருவனின் பெயரே அவ்வாறு மறைந்துபோகுமாயின், எழுத்திலே ஏறாதவர் நிலை யாதாயிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வழிகாட்டி ஒருவர், சிகரம் எண்பது தொன் எடையுள்ள ஒரே கல் என்றும், விமானத்தின் நிழல் நிலத்திலே விழாது என்றும் எமக்கு உரைத்தார். சிகரம் பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டதென்பது ஆய்வாளர் கண்ட உண்மை. நிழலோ, அவர் பேசிக்கொண்டிருந்த வேளையிலே விமானத்தின் மேற்றிசையில் நீண்டு கிடந்தது. இத்தகைய கற்பனைகள் கோயிலின் பெருமையைக் கூட்டுவதாகத் தோன்றினும், உண்மையில் அதனைக் குறைக்கின்றன. தஞ்சையைச் சூழ்ந்தது காவிரியின் வண்டல் நிலம். அங்கே கருங்கல் இல்லை. கற்கள் யாவும் தொலைவிலிருந்து வெட்டிக் கொணரப்பட்டன. வியக்கவேண்டியது அவ்வுழைப்பையேயன்றி விழாத நிழலையன்று.

முற்றத்திலுள்ளவை அனைத்தும் ஒரே காலத்தவையுமல்ல. அம்மன் கோயில் பாண்டியர் காலத்தது. பெரிய நந்தியும் நுண்ணிய வேலைப்பாடமைந்த சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர் காலத்தவை. பிள்ளையார் கோயிலை இன்றைய வடிவில் அமைத்தவர்கள் மராட்டியர். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றிலே நாயக்கர்கால ஓவியங்களின் அடியிற் சோழர்கால ஓவியங்கள் மறைந்திருந்தமையை 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவ்வுட்சுற்றும் அதன் மேற்றளமும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லையாதலின் அங்குள்ளவற்றைப் படங்களிலேயே கண்டோம். மேற்றளத்திலே பரத சாத்திரம் கூறும் நூற்றெட்டுக் கரணங்களைச் செதுக்குவதற்கு இடம் வகுக்கப்பட்டது. எண்பத்தொன்று செதுக்கப்பட்டன, எஞ்சிய கற்கள் இன்றும் வெறுமையாகவே உள்ளன.

சுவர் கூறும் பெயர்கள்

கோயிலின் அடித்தளத்தையும் சுவரையும் சுற்றி நடந்தால் எழுத்தில்லாத இடம் அரிதெனலாம். மன்னன் கொடுத்தவற்றையும், அவன் தமக்கையும் மனைவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு அவன் ஆணையிட்டமையே இதற்குக் காரணம். ஆதலின் இக்கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. ஒரு பேரரசின் கணக்கேடுமாகும்.

அக்கணக்கிலே எம்மை மிகவும் கவர்ந்தது தளிச்சேரிப் பெண்டுகள் பற்றிய நீண்ட கல்வெட்டாகும். சோழநாட்டின் பல்வேறு கோயில்களிலிருந்து ஆடல்மகளிர் நானூற்றுவர் தஞ்சைக்குக் கொண்டுவரப்பெற்றுக் கோயிலைச் சார்ந்த தெருக்களிலே குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவருடைய பெயரும், அவர் முன்பு இருந்த ஊரும் கோயிலும், தெருவின் எந்தச் சிறகிலே எத்தனையாவது வீட்டில் அவர் இருந்தார் என்பதும் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. சேரமங்கை, எடுத்தபாதம் முதலான பெயர்களை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் அறிகிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். பங்குடையவர் இறப்பினும், பிறநாடு செல்லினும், அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்யலாம் எனவும் விதிக்கப்பட்டுள்ளது. நட்டுவர், பாடுவோர், மத்தளம் கொட்டுவோர், தச்சர், கன்னார், தையற்காரர், நாவிதர், வண்ணார் ஆகியோருக்குரிய பங்குகளும் அங்கே காணப்படுகின்றன. குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும் கல்லிலே நிலைத்துள்ளது. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்னும் கணக்கிலே ஆடுகளைப் பெற்று, விளக்கொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்ட இடையர்களின் பெயர்களும் ஊர்களுங்கூடப் பதியப்பட்டுள்ளன.

இவ்விடத்திலே தோட்டத்தை எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை. வேற்றூரிலிருந்து கொண்டுவரப்பட்டோர், வரிசை வீடுகள், வீட்டுக்கு ஓர் இலக்கம், பணிக்கு ஈடாக அளக்கப்படும் தானியம் ஆகியன லயத்திலே வளர்ந்த எவருக்கும் அறிமுகமானவை. எம் முன்னோருக்கும் சம்பளத்திற் கழித்துக்கொண்டு அரிசி அளந்தனர். ஆயினும் ஒப்புமையை மிகைப்படுத்தல் ஆகாது. ஆடல்மகளிர் கலைத்திறன் வாய்ந்தோர். அவர்கள் பெற்ற பங்கு உயர்ந்தது. அதற்கு உறவினர் வழியாக உரிமைத் தொடர்ச்சியும் இருந்தது. தோட்டத் தொழிலாளியோ 1921ஆம் ஆண்டிலே ஒழிக்கப்படும்வரை "துண்டு" முறையின்கீழ்க் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டவர். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே. பெயர் எழுதப்பட்டமைக்குக் காரணம் அவ்வாளின் மீதான மதிப்பன்று. கொடுப்பதையும் பெறுவதையும் கணக்கிடவேண்டிய தேவையே. ஆயினும் கணக்குக்காக எழுதப்பட்ட பெயரே பின்னாளிலே வரலாற்றுக்கு ஆதாரமாகின்றது.

பெயரின்றி எழுதப்பட்டோர்

கோயிலுக்கு நெல் அளக்கவேண்டிய ஊர்களைக் கூறும் கல்வெட்டுகள் இன்னொரு வகையிலே முக்கியமானவை. அவற்றிலே ஈழமான மும்முடிச்சோழ மண்டலத்து ஊர்களும் இடம்பெறுகின்றன. ஈழத்து வயல்களின் வருவாயும் தஞ்சைக்குச் செல்ல ஏற்பாடாகியிருந்தது என்பதை அக்கல்வெட்டுக் காட்டும். "எம் இனத்தார் கட்டிய கோயில்" எனப் பெருமிதத்துடன் நின்ற இலங்கை மாணவர் ஐவரும் அவ்விடத்திலே சிறிதுநேரம் பேசவில்லை. எம் நாட்டு உழவர், அவர் எம்மொழி பேசினும் வேறுமொழி பேசினும், அக்கோயிலுக்கு வெற்றிகொள்ளப்பட்டோராகவே நெல் அளந்தனர்.

மற்றொரு செய்தி இதனினும் நெருக்கமானது. ஊர்களின் மொத்த நிலத்தைக் கூறி, அதிலே வரி பெறமுடியாத நிலங்களைக் கழித்து, எஞ்சியதற்கு நெல் விதிப்பது அக்கல்வெட்டுகளின் முறையாகும். கழிக்கப்படும் நிலங்களின் பட்டியலிலே ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் வருகின்றன. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு முதலான ஆய்வாளர்கள் சோழர்காலச் சமுதாய அமைப்பை ஆராய்வதற்கு இத்தகைய கல்வெட்டுகளை நுணுகிப் பயன்படுத்தியுள்ளனர். விளக்குக்கு நெய் அளந்த இடையனுக்குப் பெயருண்டு. வயலிலே இறங்கி நட்டு அறுத்தோர் வாழ்ந்த சேரிக்கு, கழிக்கப்படவேண்டிய நிலம் என்னும் இடம் மட்டுமே உண்டு.

மலையகத்துக்கு வந்தோரிற் பெரும்பகுதியினர் இத்தகைய ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அவர்கள் தோணியேறிய காலத்திலே இப்பெருங்கோயில்களின் வாயிலுக்குள் நுழையும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே தஞ்சைக் கோயிலும் அவர்களுக்குத் திறக்கப்பட்டது. ஆகவே எம்மிற் பலருடைய கொள்ளுப்பாட்டன்மார், தம் ஊருக்கு அண்மையிலிருந்த கோயிலை உள்ளே சென்று காணாமலே கடல்கடந்தனர். நான் அனுமதி கேளாமல் அவ்வாயிலினூடாகச் சென்றேன். என் குடும்பத்திலே அவ்வாறு சென்ற முதலாமவர் நானாக இருக்கலாம் என்னும் எண்ணம் திரும்பி வெளியே வந்தபோதுதான் தோன்றியது.

தாராசுரம்

தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியிலே தாராசுரம் உள்ளது. அங்குள்ள ஐராவதேசுவரர் கோயிலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இரண்டாம் இராசராசன் எடுப்பித்தான். தஞ்சையின் பெருமை அளவினால் ஆனது. தாராசுரத்தின் பெருமை நுணுக்கத்தினால் ஆனது. சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர்போல அமைந்த முன்மண்டபத்தையும், தட்டினால் வெவ்வேறு ஒலியெழுப்பும் படிக்கற்களையும் காணவே பெரும்பாலோர் அங்கு வருகின்றனர்.

எம்மை நெடுநேரம் நிறுத்தியவை, கருவறைச் சுவரின் அடிப்பகுதியிலே ஒரு சாணளவுக்குச் சற்றே கூடிய உயரத்தில் அமைந்த சிறு சிற்பங்களாகும். சேக்கிழார் பாடிய நாயன்மார் வரலாறுகள் அவற்றிலே வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காண நிலத்திலே குந்தியிருத்தல் வேண்டும். வேட்டுவராகிய கண்ணப்பர், குயவராகிய திருநீலகண்டர், சலவைத் தொழில் புரிந்த திருக்குறிப்புத்தொண்டர், மீன்பிடித்த அதிபத்தர் முதலானோர் அடியார் திருக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். தஞ்சையிலே பங்குக் கணக்கிலே தோன்றிய தொழில்கள், ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் இங்கே வழிபாட்டுக்குரிய கதைகளாக மாறியுள்ளன. இது பத்தியியக்கம் தமிழ்ச் சமுதாயத்துக்கு அளித்த கொடை என்பதை மறுக்கவியலாது. அதேவேளை, புலையராகிய நந்தனார் தில்லைக்குட் புகுமுன் தீயில் மூழ்கவேண்டியிருந்தது என்பதையும் அதே நூல் கூறுகின்றது. கதையிலே இடங்கொடுத்த சமுதாயம் கோயிலிலே இடங்கொடுக்க மேலும் எட்டு நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது.

தாராசுரத்திலே முன்பு இருந்த வாயிற்காவலர் சிலையொன்று இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளது. சாளுக்கியரின் தலைநகரான கலியாணபுரத்தை எரித்து முதலாம் இராசாதிராசன் கொண்டுவந்தது அச்சிலை என்பது அதன் பீடத்தெழுத்தாற் புலனாகும். கலையும் கொள்ளைப்பொருளும் ஒரே உருவிலே நிற்கக்கூடும் என்பதற்கு அது சான்றாகும்.

அணைக்கரையும் கங்கைகொண்ட சோழபுரமும்

கும்பகோணத்திலிருந்து வடக்கே செல்லும் வீதி அணைக்கரையிலே கொள்ளிடத்தைக் கடக்கின்றது. அங்குள்ள கீழணை 1836ஆம் ஆண்டிலே ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆதர் கொட்டனின் திட்டப்படி கட்டப்பட்டது. அதற்கு வேண்டிய கற்களுக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதில் தகர்க்கப்பட்டது. இதனை அறிந்து சென்றமையால் கோயிலைக் காணுமுன்னரே அதன் கற்களின்மீது நாங்கள் சென்றோம் எனலாம்.

அணையருகே தேநீர் அருந்த நின்றபோது கடைக்காரர், "எந்த ஊரும்மா?" என்றார். "இலங்கை" என்றேன். "யாழ்ப்பாணமா?" "இல்லைங்க, பதுளை." "அங்கெல்லாம் நம்ம ஆளுங்க இருக்காங்களா?" என்று வியந்தார். இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள்தாம் என்று விளக்கினேன். "அப்ப சொந்த ஊரு எது?" என்று கேட்டார். புறப்படுமுன் எவரேனும் இவ்வாறு கேட்டிருந்தால் துறையூர்ப் பக்கம் என்று சொல்லியிருப்பேன். அன்று என் வாயில் வந்தது "ஸ்பிரிங்வெளி" என்பதே. அப்பெயரை அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை.

முதலாம் இராசேந்திரன் கங்கைவரை படைசெலுத்திய வெற்றியின் நினைவாகப் புதிய தலைநகரையும் கோயிலையும் அமைத்தான். இரண்டரை நூற்றாண்டுக்காலம் சோழர் தலைநகராக விளங்கிய அவ்வூரிலே இன்று கோயிலும், அரண்மனையின் அகழ்ந்தெடுத்த அடித்தளங்களும், சோழகங்கம் என்னும் ஏரியுமே எஞ்சியுள்ளன. விமானம் தஞ்சையினதைவிடச் சற்றுத் தாழ்ந்தது; ஆனால் அதன் பக்கங்கள் உட்குழிந்து மென்மையாக மேலெழுவன. வடபுறத்து வாயிலருகே சிவபெருமான் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பம் சோழர் கலையின் உச்சங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. மாலை வெயில் படும்போது அதனைக் கண்டோம். கண்டவர் எவரும் எளிதில் அகலார்.

எனினும் இராசேந்திரனின் வெற்றிகளை இலங்கையர் எவ்வாறு படிப்பது? 993ஆம் ஆண்டளவிலே இராசராசன் காலத்திற் தொடங்கிய சோழர் படையெடுப்பு அனுராதபுரத்தை வீழ்த்தியது. உரோகணத்திலே தஞ்சம் புகுந்திருந்த ஐந்தாம் மகிந்தனை 1017ஆம் ஆண்டளவிலே இராசேந்திரனின் படை சிறைப்பிடித்தது. அவன் 1029ஆம் ஆண்டிலே சோழநாட்டிலேயே இறந்தான். இன்றைய ஊவாவின் தென்பகுதிகள் அந்த உரோகணத்தைச் சேர்ந்தவை. 1070ஆம் ஆண்டிலே முதலாம் விசயபாகு சோழரை அகற்றும்வரை பொலன்னறுவையே அவர்களின் தலைநகராயிருந்தது. அங்கே அவர்கள் கட்டிய வானவன்மாதேவீச்சரம் இன்றும் நிற்கின்றது. எங்கள் லயங்களுக்குக் கீழே வயல்செய்யும் சிங்களக் குடும்பங்களுக்கு இது படையெடுப்பின் வரலாறு. எங்களுக்கோ, பெயரில்லாச் சேரிகளிலிருந்து புறப்பட்டு வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு, இது எம் முன்னோரின் வெற்றி என்று கூறுதல் பொருந்துமா? சோழப் பேரரசின் வாரிசுகள் எனத் தோட்டத் தொழிலாளரைக் கருதி அஞ்சுவோரும், அவ்வாறே அவர்களைப் புகழ்ந்து மேடையேற்றுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். மன்னனின் மொழியைப் பேசியமையால் அவர்கள் மன்னனின் பங்காளிகளாகிவிடவில்லை.

தகர்க்கப்பட்ட மதிலின் எச்சத்தருகே நின்றபோது மற்றொரு தொடர்பும் விளங்கியது. கோயில் மதில் அணைக்குக் கல்லான அதே காலப்பகுதியிலேதான் இலங்கை மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அணை வயல்களுக்கு நீர் தந்தது உண்மை. அரசாங்கத்துக்கு வரியும் தந்தது. நிலமற்ற கூலியாளுக்கு அது நிலம் தரவில்லை. வறட்சியும் கடனும், 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சமும் அவனைக் கப்பலுக்குத் துரத்தின. 1869ஆம் ஆண்டிலே மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், அவனே தேயிலையை நட்டான். மதிலைத் தகர்த்ததும் மலையை வெட்டியதும் ஒரே பேரரசின் இரு செயல்கள். இரண்டிலும் கல் சுமந்தவர் பெயர் இல்லை.

திரும்பிய பின்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 என்னும் ஓர் எண்ணாகக் கண்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பின்னர் தீர்மானிக்கப்படும் என வகுத்தது. அவ்வெஞ்சியோரை 1974ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் பாட்டனாரின் தம்பி குடும்பம் அவ்வெண்ணொன்றின் பகுதியாக நீலகிரிக்குச் சென்றது. அங்கே அவர்களைச் "சிலோன்காரர்" என்றனர். இங்கே எம்மை "இந்தியத் தமிழர்" என்றனர். நாடற்றோர் சிக்கலுக்குச் சட்டம் இறுதித் தீர்வு கண்டது 2003ஆம் ஆண்டிலாகும். தஞ்சைக் கல்வெட்டின் சேரி போல, எண்ணப்பட்டும் கழிக்கப்பட்டும் வந்தோம் எனின் மிகையாகாது.

ஊர் திரும்பிய பின் பதுளை நகரிலே வைக்கப்பெற்றுள்ள தூண் கல்வெட்டைச் சென்று பார்த்தேன். பலமுறை பஸ்ஸிலே கடந்துசென்றும் அதுவரை நின்று பாராதது அது. தஞ்சைக் கோயிலுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்ட, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிங்களக் கல்வெட்டு. உதயன் என்னும் பெயர்கொண்ட மன்னன் மகியங்கனைக்கு வழிபட வந்தபோது, ஹோபிட்டிகமச் சந்தையின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகேடாகத் தண்டல் செய்வதாக முறையிட்டனர். அம்முறையீட்டின் பேரிலே இயற்றப்பட்ட விதிகளே அதில் வெட்டப்பட்டுள்ளன. மன்னன் பெற்ற வெற்றியையன்றி மக்கள் பட்ட துன்பத்தைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்ட கல் அது. கடல்கடந்து சென்று கண்டவற்றோடு ஒருங்குவைத்துப் போற்றத்தக்க அச்செல்வம் எம் ஊருக்கு ஒரு பஸ் பயணத் தொலைவிலேயே உள்ளது.

அன்றிரவு அம்மாயி, "நம்ம ஊரு கெடைச்சுதா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். கோயிற் சுவரிலே நானூறு பெண்களின் பெயரும் வீடும் எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர் சிறிதுநேரம் எண்ணியிருந்துவிட்டு, "கொழுந்து பறிச்சவங்க பேரு எனக்குத் தெரியும்" என்றார். அப்பியாசப் புத்தகம் ஒன்றை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தம் தாயார், தாயாரின் தாயார், ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுத்தோர், இந்தியாவுக்குப் போனோர், குழந்தை பெற்று இறந்தோர் என ஒவ்வொருவரையும் அவர் லயத்தின் இலக்கத்தோடும் காம்பிராவின் இலக்கத்தோடும் கூறினார். முப்பத்தொரு பெயர்கள் வந்தன. அதற்குமேல் நினைவு வரவில்லை.

சங்கத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பத்துடன் இக்கட்டுரையை முடிக்க விரும்புகின்றேன். தோட்டங்களிலிருந்து வந்த மாணவர் நம் பீடத்திலே பலர் உளர். பழைய செக்ரோல்கள் கறையானுக்கு இரையாகின்றன. துண்டுகளும் பயண அனுமதிச் சீட்டுகளும் தகரப் பெட்டிகளின் அடியிலே கிடக்கின்றன. தோட்டத்துக் கோயில்களின் திருவிழாக் கணக்குப் புத்தகங்களிலே யார் எவ்வளவு பணம் கொடுத்தார் என்பது எழுதப்பட்டிருக்கின்றது. அவையும் ஒருவகையிற் கல்வெட்டுகளே. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்பது வயதைத் தாண்டியோர் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துவருகின்றனர். வரும் விடுமுறையிலே ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்திலே ஒரு புத்தகத்தையேனும் பிரதிசெய்து, ஒரு முதியவர் சொல்லும் பெயர்களையேனும் எழுதிக் கொணர்வார்களாயின், அடுத்த ஆண்டு மலரிலே அவற்றை ஆராய்ந்து எழுதலாம். என் பங்குக்கு முப்பத்தொரு பெயர்கள் தயாராக உள்ளன.